விண்வெளி ரேடாரும் ஏவுகணைத் தடுப்பும்: அமெரிக்க காங்கிரசின் ஓயாத பணச் சண்டை

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் நெகோமா என்று ஒரு குட்டி ஊர். சுற்றிலும் வயல்வெளி. நடுவில், உச்சியை வெட்டி எடுத்த பிரமிடு மாதிரி ஒரு கான்கிரீட் கட்டடம். நான்கு பக்கச் சரிவிலும் பெரிய வட்டக் கண். சோவியத் அணு ஏவுகணைகளை வானத்திலேயே தடுத்து அழிக்க அமெரிக்கா கட்டிய 'சேஃப்கார்ட்' அமைப்பின் ரேடார் அது. சுமார் 600 கோடி டாலர் விழுங்கிய அந்த அமைப்பு 1975 அக்டோபர் 1 அன்று முழு அளவில் இயங்க ஆரம்பித்தது. மறுநாளே, அக்டோபர் 2 அன்று, அதை நிறுத்தச் சொல்லிப் பிரதிநிதிகள் சபை வாக்களித்தது. நவம்பரில் செனட்டும் அதே முடிவுக்கு வந்தது. 1976 பிப்ரவரியில் மூடுவிழா தொடங்கிவிட்டது. 2012-ல் அந்த வளாகம் ஏலத்துக்கு வந்தபோது, போரையே பாவமாக நினைக்கும் ஹட்டரைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயக் குடியிருப்பு ஒன்று 5,30,000 டாலருக்கு எடுத்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் வடகிழக்கே போனால் கவாலியர். சேஃப்கார்டின் இன்னொரு ரேடார் அங்கே இருக்கிறது. வடக்கு வானத்தைப் பார்த்துச் சரிந்து நிற்கும் ஒற்றைச் சுவர்தான் அதன் முகம். அது இன்றைக்கும் வேலை செய்கிறது. அமெரிக்க விண்வெளிப் படை அதை வைத்து ஏவுகணை எச்சரிக்கைப் பணியைச் செய்கிறது. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்களையும் குப்பைகளையும் கணக்கெடுக்கிறது.

ஒரே திட்டம், ஒரே சட்டத்தில் வந்த பணம். கேடயமாக இருந்த பாதி சில மாதங்களில் செத்தது. கண்ணாக இருந்த பாதி ஐம்பது வருடமாக உழைக்கிறது. ஏவுகணைத் தடுப்புக்கான பண விவாதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு கட்டடங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. 'இது தேவையா?' என்ற கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். 'இது தோற்றுப்போனால் கையில் என்ன மிஞ்சும்?' என்று கேட்பவர்கள் குறைவு. அமெரிக்க காங்கிரசின் சில குழுக்கள் அந்த இரண்டாவது கேள்வியை விடாமல் கேட்டன. அதன் கதைதான் இது.

பணம் போகும் வழி

அதிபர் கேட்பார், காங்கிரஸ் கொடுக்கும். கொடுக்கும் இடத்தில் இரண்டு கதவுகள் உண்டு. ஆயுதப் படைகள் குழுக்கள் 'இந்தத் திட்டத்தைச் செய்யலாம், இவ்வளவு வரை செலவழிக்கலாம்' என்று அனுமதிச் சட்டம் எழுதும். நிதி ஒதுக்கீட்டுக் குழுக்கள் தனியாக உட்கார்ந்து, உண்மையிலேயே பணத்தைக் கொடுக்கும் சட்டத்தை எழுதும். முதல் கதவில் சரி என்று வந்த திட்டம் இரண்டாவது கதவில் பட்டினி கிடக்கலாம். உளவுச் செயற்கைக்கோள் சம்பந்தப்பட்டது என்றால் உளவுத் துறைக் குழுக்களும் உள்ளே வரும்.

குழுக்களின் கையில் இருக்கும் ஆயுதங்கள் பார்வைக்குச் சின்னவை. பட்ஜெட்டில் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி வரி இருக்கும். அந்த எண்ணை அடித்துக் குறைக்கலாம். பாதிப் பணத்தைப் பூட்டி வைத்து, 'இந்த அறிக்கையைக் கொடுத்தால்தான் மீதி' என்று சொல்லலாம். சட்டத்தோடு வெளியாகும் குழு அறிக்கையில் நாலு வரி எழுதி, திட்டத்தின் போக்கையே திருப்பலாம். நம் நாடாளுமன்றத்தில் பல அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் 'கில்லட்டின்' முறையில் மொத்தமாக நிறைவேறுவதைப் பார்த்துப் பழகியவன் நான். ஒரேயொரு ஆராய்ச்சித் திட்டத்தின் ஒரு வருடச் செலவை எடுத்து வைத்துக்கொண்டு உறுப்பினர்கள் இப்படிக் குடைவதைப் படித்தபோது ஆச்சரியமாகவும், கொஞ்சம் ஏக்கமாகவும் இருந்தது.

இந்தப் பழக்கம் வலுப்பெற்றது 1969-ல். அதற்கு முன் ஜான்சன் அரசு நகரங்களைக் காக்க 'சென்டினல்' என்ற திட்டத்தைப் போட்டிருந்தது. அணுகுண்டு பொருத்திய ஏவுகணைகளைத் தங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் புதைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பாஸ்டன், சிகாகோ புறநகர்வாசிகள் எதிர்த்துக் கிளம்பினார்கள். நிக்சன் வந்து திட்டத்தை மாற்றி, நகரங்களை விட்டுவிட்டு அமெரிக்காவின் சொந்த ஏவுகணைக் கிடங்குகளைக் காக்கும் சேஃப்கார்டாக்கினார். செனட் விசாரணைகளுக்கு ஹான்ஸ் பெத்தே போன்ற இயற்பியலாளர்கள் வந்து, பென்டகனின் கணக்கை எதிர்த்துச் சாட்சி சொன்னார்கள். அவர்களுடைய வாதத்தில் முக்கியமான ஒன்று ரேடாரைப் பற்றியது. தடுப்பு ஏவுகணை எத்தனை இருந்தாலும் அவற்றுக்கு வழிகாட்டும் ரேடார் ஒன்றிரண்டுதான். எதிரி முதலில் அதை அடித்தால் மொத்த அமைப்பும் குருடாகிவிடும். வானில் வெடிக்கும் சொந்த அணுகுண்டே ரேடார் அலைகளை மறைத்துவிடவும் கூடும்.

1969 ஆகஸ்ட் 6 அன்று, சேஃப்கார்டுக்குப் பணத்தை மறுக்கும், செனட் உறுப்பினர் மார்கரெட் சேஸ் ஸ்மித்தின் திருத்தம் வாக்குக்கு வந்தது. 50-க்கு 50. துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ எதிர்த்து வாக்களிக்க, திருத்தம் தோற்றது, திட்டம் பிழைத்தது. அப்புறம் 1972-ல் ஏவுகணைத் தடுப்பைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் சோவியத்துடன் வந்தது. 1974-ல் அதைத் திருத்தி, ஆளுக்கு ஒரே தளம், 100 ஏவுகணை என்று சுருக்கினார்கள். ஒரே ராக்கெட்டில் பல அணுகுண்டுகளைச் சோவியத் பொருத்த ஆரம்பித்தபிறகு அந்த நூறு எந்த மூலைக்கு? 1975 அக்டோபர் 2 வாக்கெடுப்பின் பின்னணி இதுதான்.

அதற்கடுத்த இருபத்தைந்து வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1983 மார்ச் 23 அன்று ரீகன் விண்வெளிக் கேடயத்தை அறிவித்தார். பத்து வருடத்தில் சுமார் 3,000 கோடி டாலர் செலவானது, விண்ணில் ஒரு கேடயமும் ஏறவில்லை. 1999-ல், தொழில்நுட்பம் கைகூடியதும் தேசிய ஏவுகணைத் தடுப்பை நிறுவுவது என்ற சட்டத்தை செனட் 97-க்கு 3 என்று நிறைவேற்றியது. 2002-ல் புஷ் அரசு பழைய ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. அதோடு 'வேண்டுமா, வேண்டாமா' என்ற விவாதம் பெரும்பாலும் அடங்கியது. 'எது, எப்போது, எவ்வளவு' என்ற சண்டை மட்டும் மிஞ்சியது. அந்தச் சண்டையை மிகத் தெளிவாகப் பார்க்கக் கிடைக்கும் இடம் விண்வெளி ரேடார்.

இரண்டு முறை செத்த திட்டம்

1991 வளைகுடாப் போரில் ஜேஸ்டார்ஸ் என்ற ரேடார் விமானம் முதன்முதலாகக் களத்துக்குப் போனது. சோதனை நிலையில் இருந்த இரண்டே விமானங்கள். குவைத்திலிருந்து பின்வாங்கும் ஈராக்கிய வண்டிகள் சாலை நெடுக நகர்வதை அவற்றின் திரையில் புள்ளி புள்ளியாகப் பார்க்க முடிந்தது. அதே போரில் இன்னொரு பாடமும் கிடைத்தது. லாரியில் ஏற்றி ஓடி ஒளிந்து சுடும் ஸ்கட் ஏவுகணை வண்டிகளில் ஒன்றையாவது வானிலிருந்து அழித்ததாகப் பிற்பாடு உறுதிப்படுத்த முடியவில்லை. ஏவிய பின் தடுப்பதைவிட, ஏவும் வண்டியைத் தொடர்ந்து கண்ணில் வைத்திருப்பது மேல் என்று ராணுவம் நினைத்தது இயல்புதான். எதிரி நாட்டுக்கு மேலே விமானம் பறக்க முடியாதே, செயற்கைக்கோளில் ரேடாரை வைத்தால் என்ன?

கேட்க எளிது. இயற்பியல் இடம் கொடுக்க மறுக்கிறது. ரேடார் அனுப்பும் அலை போகும்போதும் பரவுகிறது, பட்டுத் திரும்பும்போதும் பரவுகிறது. அதனால் தூரம் இரண்டு மடங்கானால் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஜேஸ்டார்ஸ் சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வண்டியைப் பார்க்கும். செயற்கைக்கோள் 1,000 கிலோமீட்டர் உயரத்தில் நேர் தலைக்கு மேலே இருந்தாலும் தூரம் நான்கு மடங்கு. எதிரொலி 256-ல் ஒரு பங்கு. அதைப் பிடிக்கப் பெரிய ஆன்டெனாவும் நிறைய மின்சாரமும் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்த உயரத்தில் செயற்கைக்கோள் நொடிக்கு 7 கிலோமீட்டருக்கும் வேகமாக ஓடுகிறது. அதன் பார்வையில் மலை, மரம், வீடு எல்லாமே நகர்கின்றன. அந்தக் கூட்டத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு எட்டு மீட்டர் நகரும் ஒரு லாரியைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். பிரித்தெடுத்தாலும், ஒரு இடம் அதன் கண்ணில் படுவது பத்து நிமிடம் போலத்தான். அது போனதும் அடுத்தது வர வேண்டும். இல்லாவிட்டால் லாரி ஏதாவது ஒரு பாலத்துக்கு அடியில் போய் நின்றுவிடும். தொடர்ந்து பார்க்க நிறைய செயற்கைக்கோள் வேண்டும், ஒவ்வொன்றும் பெரிதாகவும் இருக்க வேண்டும். காங்கிரசின் குழுக்கள் திரும்பத் திரும்பக் கேட்டதன் சாரம் இந்தக் கணக்குதான். எத்தனை செயற்கைக்கோள், ஒன்று எவ்வளவு?

முதல் முயற்சி 1998-ல் தொடங்கிய 'டிஸ்கவரர் 2'. விமானப்படை, டார்பா என்ற ராணுவ ஆராய்ச்சி அமைப்பு, உளவுச் செயற்கைக்கோள்களை நடத்தும் தேசிய உளவு அலுவலகம் மூன்றும் சேர்ந்து நடத்தின. முதலில் இரண்டு சோதனைச் செயற்கைக்கோள், பிறகு 24 வரை என்பது எண்ணம். 2000-ல் காங்கிரஸ் அதை நிறுத்தியது. அடியோடு வெட்டிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தொழில்நுட்பத்தை முதிர வைக்க உளவு அலுவலகத்துக்கு 3 கோடி டாலர் கொடுத்தது. செடியைப் பிடுங்கிவிட்டு விதையைப் பத்திரப்படுத்திய மாதிரி.

அடுத்த வருடமே திட்டம் வேறு பெயரில் திரும்பியது. 'ஸ்பேஸ் பேஸ்டு ரேடார்'. 2005 நிதியாண்டுக்கு பென்டகன் கேட்டது சுமார் 33 கோடி டாலர், காங்கிரஸ் கொடுத்தது 7.5 கோடி. கேட்டதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. கட்டும் வேலைக்கு ஓடாதீர்கள், முதலில் தொழில்நுட்பத்தை நிரூபியுங்கள் என்பதே அதன் பொருள். 2005-ல் பெயர் மறுபடி மாறியது: 'ஸ்பேஸ் ரேடார்'.

குழுக்களின் சந்தேகம் வெறும் கஞ்சத்தனத்தில் வந்ததில்லை. ஏவுகணை கிளம்பும் வெப்பத்தைப் பார்க்கும் 'சிபர்ஸ்' செயற்கைக்கோள் திட்டம் அப்போது கண்முன்னே நாறிக்கொண்டிருந்தது. 1996-ல் சுமார் 400 கோடி டாலர் என்று தொடங்கியது அது. செலவு எல்லை மீறினால் காங்கிரசுக்குத் தெரிவித்து, தொடர்வதற்குக் காரணம் காட்டியே தீர வேண்டும் என்று நன்-மெக்கர்டி என்ற சட்டம் இருக்கிறது. சிபர்ஸ் அந்த எல்லையை ஒரு முறைக்கு மேல் தாண்டியது. கடைசியில் 1,900 கோடி டாலரையும் தாண்டியது. அந்தப் புதிய தலைமுறையின் முதல் பெரிய செயற்கைக்கோள் மேலே போனது 2011-ல்தான். இதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு பெரிய செயற்கைக்கோள் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட யாருக்குத்தான் மனம் வரும்?

யாருக்காக இந்த ரேடார் என்பதிலும் தெளிவில்லை. களத்தில் இருக்கும் ராணுவத்துக்கு நகரும் வண்டியைத் தொடர வேண்டும். உளவு அமைப்புகளுக்குத் தெளிவான படம் வேண்டும். இரண்டுக்கும் ஆன்டெனாவை வேறு வேறு விதமாகத் திருப்ப வேண்டும், ஒரே பத்து நிமிடத்துக்குள். முதல் உரிமை யாருக்கு, செலவில் யார் எவ்வளவு என்று இரு தரப்பும் இழுபறியில் இருந்தன. 2007 ஜனவரியில் காங்கிரசின் பட்ஜெட் அலுவலகம், எண்ணிக்கையையும் ஆன்டெனா அளவையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரு ஆய்வு வெளியிட்டது. பொறியாளர் அல்லாத ஒரு உறுப்பினரும் படித்துப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கக்கூடிய ஆவணம். ஒரு சட்டமன்றம் தனக்கென்று சொந்தக் கணக்குப்பிள்ளையை வைத்திருப்பதன் அருமை அதைப் படித்தால் தெரியும். 2008 மார்ச்சில் பென்டகனே ஸ்பேஸ் ரேடாரைக் கைவிட்டது.

ஒரு பேஸ்பாலின் கதை

கேள்வி கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கடலில் மிதக்கும் உதாரணம் ஒன்று உண்டு. எண்ணெய் துரப்பண மேடை ஒன்றின் மேல் வெள்ளைக் கோள வடிவில் நிற்கும் எஸ்பிஎக்ஸ் ரேடார், சுமார் 220 கோடி டாலர் செலவு. அதைப் பற்றி 2007-ல் ஏவுகணைத் தடுப்பு முகமையின் தலைவர் ஹென்றி ஓபரிங் செனட் துணைக்குழு முன்னால் பெருமையாகச் சொன்னார்: இதைக் கிழக்குக் கரையின் செசபீக் விரிகுடாவில் நிறுத்தினால் மேற்குக் கரையின் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பேஸ்பாலைக்கூடப் பார்க்கும்.

பூமி உருண்டை. ரேடார் அலை நேர்க்கோட்டில் போகும். இரண்டு இடங்களுக்கும் இடையே சுமார் 3,900 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தப் பந்து சான் பிரான்சிஸ்கோவின் தரையிலிருந்து கிட்டத்தட்ட 1,400 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால்தான் தெரியும். அதைவிட முக்கியம், அதன் பார்வைக் கோணம் மிகக் குறுகியது. உறிஞ்சுகுழல் வழியாக வானத்தைப் பார்ப்பது போல. எங்கே பார்க்க வேண்டும் என்று வேறொரு ரேடார் முன்கூட்டியே சொல்ல வேண்டும், பல ஏவுகணைகள் சேர்ந்து வந்தால் திணறும். அலாஸ்காவின் ஏடாக் தீவில் நிற்க வேண்டிய அது, காலத்தில் பெரும்பகுதியை ஹவாயின் பேர்ல் துறைமுகத்தில் கழித்தது. அந்தத் துணைக்குழு அறையில் யாராவது ஒருவர் ஒரு உலக உருண்டையை எடுத்து மேசையில் வைத்திருந்தால் போதும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

2025: தனி வாசல்

2025 ஜனவரி 27 அன்று டிரம்ப் ஒரு உத்தரவில் கையெழுத்திட்டார். பிறகு 'கோல்டன் டோம்' என்று பெயர் பெற்ற, நாடு முழுவதையும் காக்கும் ஏவுகணைத் தடுப்புத் திட்டம் அது. மே 20 அன்று வெள்ளை மாளிகையில் சொன்ன மதிப்பு 17,500 கோடி டாலர், மூன்று வருடத்தில் முடியும் என்றார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் பட்ஜெட் அலுவலகம் விண்வெளியில் நிறுத்தும் தடுப்பு ஏவுகணைகளை மட்டும் தனியாக எடுத்துக் கணக்குப் போட்டிருந்தது. இருபது வருடத்துக்கு 16,100 கோடியிலிருந்து 54,200 கோடி டாலர் வரை. இவ்வளவு அகலமான இடைவெளி ஏன்? தடுப்பு ஏவுகணையும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எதிரி ஏவும் அந்தச் சில நிமிடங்களில் சரியான இடத்தில் ஒன்றிரண்டு இருக்க, உலகம் முழுக்க நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டும். வட கொரியாவின் பத்து ஏவுகணைகள் ஒரே நேரத்தில் வந்தால் தடுக்க 16,000 வேண்டியிருக்கலாம் என்று அமெரிக்க இயற்பியல் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் காற்றின் உராய்வால் அவற்றின் ஆயுளும் சில வருடம்தான், பிறகு புதிதாக அனுப்ப வேண்டும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2008-ல் இல்லாத ஒரு விஷயம் இப்போது இருக்கிறது. ராக்கெட்டில் அனுப்பும் செலவு வெகுவாகக் குறைந்துவிட்டது, சிறு செயற்கைக்கோள்களைக் கூட்டம் கூட்டமாகச் செய்ய முடிகிறது. ரேடார் கணக்கின் 'எத்தனை, எவ்வளவு' இரண்டுமே மாறிவிட்டன. ஜேஸ்டார்ஸ் விமானங்கள் 2023-ல் ஓய்வு பெற்றபின் அந்த வேலையை விண்ணுக்குக் கொண்டுபோகும் முயற்சி மறுபடி நடக்கிறது. அன்றைக்கு 'இல்லை' என்று சொன்னது சரி என்பதால் இன்றைக்கும் 'இல்லை' என்றே சொல்ல வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டால் போதும்.

என் கவலை அங்கேதான். இந்தமுறை பெரும் பணம் வழக்கமான இரண்டு கதவுகள் வழியாக வரவில்லை. வரிக்குறைப்பு, மருத்துவ உதவி, எல்லைப் பாதுகாப்பு எல்லாம் கலந்த ஒரே பெரிய மசோதாவுக்குள் வந்தது. நல்லிணக்க மசோதா என்ற அந்த முறையில் செனட்டில் 60 வாக்கு தேவையில்லை, சாதாரணப் பெரும்பான்மை போதும். 2025 ஜூலை 1 அன்று செனட்டில் 50-க்கு 50, துணை அதிபர் ஜே.டி. வான்ஸின் வாக்கால் நிறைவேறியது. 1969-ஐப் போலவே துணை அதிபரின் ஒற்றை வாக்கு. ஆனால் அன்றைக்கு அந்த ஒரு வாக்குக்கு முன்னால் மாதக்கணக்கில் இந்த ஒரே விஷயத்தைப் பற்றி விசாரணையும் விவாதமும் நடந்தது. இந்தமுறை ஏவுகணைத் தடுப்புக்கு ஒதுக்கிய சுமார் 2,400 கோடி டாலர், மசோதாவின் சில வரிகள். விண்வெளி உணர்கருவிகளுக்கு 720 கோடி. விண்வெளியிலும், ஏவுகணை மேலெழும் கட்டத்திலும் தடுப்பதற்கு 560 கோடி. பறக்கும் இலக்குகளை விண்ணிலிருந்து தொடரும் செயற்கைக்கோள்களுக்கு 200 கோடி.

அந்தக் கடைசி வரியை ஒட்டியே ஒரு பழைய மாதிரிச் சண்டையும் கிளம்பியது. விண்ணிலிருந்து பார்க்கப் போகிறோம், ஆகவே ஈ-7 என்ற புதிய ரேடார் விமானம் வேண்டாம் என்று பென்டகன் 2025 கோடையில் சொன்னது. மேலே இன்னும் தயாராகாத ஒன்றை நம்பிக் கீழே இருப்பதை விடுவதா என்று இரு கட்சிகளிலிருந்தும் உறுப்பினர்கள் கேட்டார்கள். ஆயுதப் படைகள் குழுக்கள் அந்த விமானத்தைக் காப்பாற்ற இறங்கின. பழைய கேள்வி இன்னும் சாகவில்லை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

ஜூலை மசோதாவின் பாதுகாப்புப் பணத்தை 2029 செப்டம்பர் 30 வரை செலவழிக்கலாம். அதற்குப் பிறகு அந்தச் செயற்கைக்கோள்களை இயக்கவும் புதுப்பிக்கவும் ஆகும் செலவு முழுவதும் வருடாந்தர பட்ஜெட்டில், திட்டத்துக்கு ஒரு வரி என்று, ஒதுக்கீட்டுக் குழுக்களின் மேசைக்கு வந்தாக வேண்டும்.